சின்னம் சுயேச்சை, சிந்தனை யாருடையது?

உள்ளூராட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் கண்டி மாநகரில் இரு குரல்கள் எழுவதுண்டு. “நகரசபைக்குக் கட்சி எதற்கு? நல்ல மனிதர் ஒருவர் போதும்” என்பது ஒன்று. “சுயேச்சைக்கு இடும் வாக்குத் தமிழரின் வாக்கைச் சிதறடிக்கும்” என்பது மற்றையது. முன்னது கடைத்தெருவின் குரல். பின்னது பெரும்பாலும் படித்தோரின் குரல். ஆராயப்படாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்ட இவ்விரு கூற்றுகளும் தவறானவை.

முதலிற் சட்டத்தை நோக்குதல் வேண்டும். 1865 ஆம் ஆண்டின் மாநகரசபைக் கட்டளைச் சட்டத்தின் வழித் தோன்றியது கண்டி மாநகர சபை. தொடக்கத்திற் சொத்துடையோர் சிலருக்கே அங்கு வாக்குரிமை இருந்தது. அரசாங்க அதிபரே சபைக்குத் தலைமை தாங்கினார். தெரிவுசெய்யப்பட்ட முதல்வராகச் சேர் குடா இரத்வத்தை பதவியேற்றது 1939 இலேயாம். பின்னர் வாக்குரிமை விரிந்தது. ஒரு வட்டாரத்தில் வாழும் சாதாரண மனிதன், தன் தெருவாரின் நம்பிக்கையையே முதலாகக் கொண்டு, தனியே தேர்தலில் நிற்கக்கூடிய நிலை ஏற்பட்டது.

1977 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வட்டார முறையை ஒழித்துப் பட்டியல் முறையைப் புகுத்தியது. நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வட்டாரம் மீண்டது. ஆனால் தனிமனிதன் மீளவில்லை. இன்று சட்டம் அறிந்தவை அங்கீகரிக்கப்பட்ட கட்சியும் சுயேச்சைக் குழுவுமேயன்றிச் சுயேச்சை வேட்பாளன் அல்லன். மகியாவையின் ஓர் ஒழுங்கைக்கு வடிகால் வேண்டுமென்று நிற்க விரும்புபவர், மாநகரின் எல்லா வட்டாரங்களுக்கும் ஆள் திரட்டி, மேலதிகப் பட்டியலையும் நிரப்பித் தரவேண்டும். கட்சி தன் வேட்பாளர் ஒருவருக்கு 1,500 ரூபா கட்டுப்பணம் செலுத்துமிடத்துச் சுயேச்சைக் குழு 5,000 ரூபா செலுத்த வேண்டும். பணமுள்ள கட்சிக்குச் சலுகையும் பணமில்லாக் குழுவுக்குச் சுமையும் வைக்கும் சட்டத்தை நீதியென்று கொள்வது எவ்வாறு?

இத்தடைகளைத் தாண்டி நிற்போர் யாவரும் சுயேச்சையாளர் எனக் கருதினால் அதுவும் ஏமாற்றமே. 2006 இற் கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். ஐக்கிய தேசியக் கட்சியின் நியமனப் பத்திரம் நிராகரிக்கப்பட்டது. உடனே அக்கட்சி மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவுக்கு வாக்களிக்குமாறு தன் ஆதரவாளரைக் கேட்டது. அக்குழுவே முதலிடம் பெற்றது. வென்றவர்கள் விலகிக் கட்சிக்காரருக்கு இடம்விடுவர் என்பதே ஏற்பாடு. முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர் முதல்வரானதைக் கண்டு நகைத்தவர் பலர். உழைத்துண்ணும் ஒருவர் முதல்வராவதில் நகைப்புக்கு இடமில்லை. ஒரு கட்சி தன் முகத்தை இன்னொரு சின்னத்தால் மூடிக்கொண்டு மக்களிடம் வந்ததே நகைப்புக்குரியது.

அண்மைய உதாரணமும் அந்நகரிலேயே உண்டு. 2025 மே 6 ஆந் திகதித் தேர்தலில் கொழும்பின் 117 ஆசனங்களில் 48 ஐத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. பெரும்பான்மை எவருக்கும் இல்லாமையால் முதல்வரைத் தெரிவதில் சிறு கட்சிகளினதும் சுயேச்சைக் குழுக்களினதும் உறுப்பினர்கள் தராசின் முள்ளாயினர். ஜூன் 16 இல் இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. 61 க்கு 54 என முடிவு அமைந்தது. வெற்றி எவருடையதாயினும் ஆகுக. தமக்கு வாக்களித்தவனிடமே தம் வாக்கை மறைத்துக்கொள்ள இடமளிக்கும் முறையைச் சுயேச்சை உறுப்பினர்களே முதலில் எதிர்த்திருக்க வேண்டும். கட்சிக்காரன் தவறினாற் கட்சியைக் கேட்கலாம். கட்சியுமின்றிக் கணக்குக் காட்டும் கடமையுமின்றி இருப்பவனை எங்கே போய்க் கேட்பது? எனவே, “நல்ல மனிதர் போதும்” என்னும் முதற் குரல் வீழ்கின்றது. நன்மை மனத்தில் இருந்தாற் போதாது; சபையில் அது வெளிப்படையான வாக்காக விழவேண்டும்.

இனி வாக்குச் சிதறல் பற்றிய வாதம். 2017 இன் முறைப்படி ஒரு குழு எல்லா வட்டாரங்களிலும் பெறும் வாக்குகள் ஒன்றுகூட்டப்பட்டு விகிதாசாரப்படி ஆசனங்கள் பகிரப்படுகின்றன. ஆதலின், வட்டாரத்தில் தோற்ற வாக்கு முற்றாக வீணாவதில்லை. இதனைக் கற்றோரே கவனியாதிருத்தல் வியப்பன்றோ?

சிதறாத வாக்கினால் விளைந்த பயன் யாது என்பதும் கேட்கப்பட வேண்டிய வினாவாகும். 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைநிதி செல்வதற்குத் தடையாக விளங்கியது. லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடவும் தோட்ட நிருவாகத்தின் தயவை நாட வேண்டியிருந்தது. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018 இல். அதாவது 31 ஆண்டுகள் கழித்து. திருத்தத்தைப் பெறக் கட்சிகளின் பலமும் தேவைப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் மலையகச் சபைகளில் அமர்ந்திருந்த தமிழ் உறுப்பினர்களுட் பெரும்பாலோர் கட்சிப் பட்டியலில் வந்தவர்களே. அவர்களுள் ஒருவர் கட்சியின் ஆணையை மீறிப் பேச எண்ணினாலும் சட்டம் அவரது கழுத்தைப் பிடித்திருந்தது. கட்சி உறுப்புரிமையை இழப்பவர் சபை ஆசனத்தையும் இழப்பர்.

கண்டி நகருக்குள்ளேயே மகியாவை இருக்கின்றது. பெரஹராக் காலத்தில் இலட்சக் கணக்கானோர் திரண்டு கலைந்த வீதிகளை விடியுமுன் கூட்டித் துடைக்கும் தமிழ்த் தொழிலாளர் பலர், தலைமுறைகளாக அங்கு நெருக்கமான லயன் அறைகளில் வாழ்ந்து வருகின்றனர். நகரைத் தூய்மையாக்குவோரின் வாசலிலேயே வடிகால் நாறுமாயின், தூய நகரம் என்னும் பேச்சுக்குப் பொருளில்லை. அவர்களுக்குத் தொழில் வழங்குவது மாநகர சபை. அவர்களின் வாக்கைப் பெறுவோரும் அச்சபைக்கே செல்கின்றனர். கொடுத்த வாக்குறுதிக்குச் சபையறிக்கையைச் சான்றாகக் காட்டி அம்மக்கள் முன் ஆண்டுதோறும் நிற்கக்கூடியவர் எவரோ, அவரே சுயேச்சையாளர். அவர் கட்சிக்குள் இருப்பினும் அப்பெயருக்கு உரியவர். அவ்வாறு நிற்க அஞ்சுபவர் எச்சின்னத்தில் வரினும் பிறரது கருவியேயாவர்.

ஆகவே வேண்டப்படுவன மூன்று. தனியொருவர் தம் வட்டாரத்தில் நிற்கச் சட்டம் இடந்தரல் வேண்டும். கட்டுப்பணம் அனைவருக்கும் ஒன்றாதல் வேண்டும். முதல்வர் தெரிவு பகிரங்க வாக்கெடுப்பால் நடைபெறல் வேண்டும். இவற்றைச் சட்டமன்றம் தானாக வழங்கப்போவதில்லை. பேராதனையிலிருந்து மகியாவை சில மைல் தூரமே. அத்தூரத்தை நடந்து, அங்குள்ளோரின் வாசலில் நின்று கேட்டறிந்த பின்னரே, சுயேச்சை வேட்பாளரால் வாக்குச் சிதறுகின்றதா அன்றிக் கட்சிப் பட்டியலுக்குள் அது புதையுண்டு கிடக்கின்றதா என்பதைக் கற்றோர் தீர்மானித்தல் தகும்.