மண் கிண்ணமும் மன அமைதியும்

தேநீர் அருந்துதல் அன்றாடச் செயல். அதனையே ஒரு கலையாகவும் ஒழுக்கமாகவும் வளர்த்தவர்கள் ஜப்பானியர். அக்கலைக்குச் செம்மையான வடிவம் தந்த பேராசான் சென் நோ ரிக்யூ (1522–1591). இணக்கம், மதிப்பு, தூய்மை, அமைதி ஆகிய நான்கும் அக்கலையின் நெறிகளாகப் போற்றப்படுகின்றன.

ரிக்யூ வாழ்ந்த காலம் போர்க்காலம். குறுநிலத் தலைவர்கள் தமக்குள் ஓயாது பொருதனர். அத்தகைய நாளில் உருவான தேநீர்க் குடிலின் வாயில் இரண்டடியைச் சற்றே கடந்த உயரமுடையது. தலைவனாயினும் வணிகனாயினும் குனிந்தே உள்ளே செல்லுதல் வேண்டும். வீரன் தன் வாளை வெளியே வைத்துவிட வேண்டும். உள்ளே, விருந்தளிப்பவர் கிண்ணத்தைத் துடைத்து, தேயிலைப் பொடியை வெந்நீரில் கலக்கித் தருவார். கெட்டியான தேநீராயின், விருந்தினர் அனைவரும் ஒரே கிண்ணத்திலிருந்து முறையே பருகுவர். பின்னர் அக்கிண்ணத்தைக் கையிலேந்தி அதன் அழகைக் கண்டு மகிழ்வர். ரிக்யூவின் கருத்துக்கிணங்க, சோஜிரோ என்னும் கலைஞர் சக்கரமின்றிக் கையாலேயே வனைந்த ‘ராக்கு’ கிண்ணங்கள் எளிமைக்குப் பெயர் பெற்றவை.

எனினும், இக்கலை தானாகவே அமைதியைத் தந்துவிடும் எனக் கருதுதல் பொருந்தாது. ரிக்யூவை ஆதரித்த ஆட்சியாளர் ஹிதெயோஷி தேநீர்க் கலையில் பெருவிருப்பம் உடையவர். அவரே 1591-இல் ரிக்யூ உயிர் துறக்குமாறு ஆணையிட்டார். அடுத்த ஆண்டே கொரியாவின்மீது படையெடுத்தார். 1598 வரை நீடித்த அப்போரில் கொரியக் குயவர் பலர் சிறைபிடிக்கப்பட்டு ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கொரியக் கிண்ணத்தை வியந்தவர்களே அதனை வனைந்தவர்களின் விடுதலையைப் பறித்தனர். கலையைப் போற்றி, கலைஞரை மதியாத இடத்தில் அமைதி பிறவாது என்பதற்கு இதுவே சான்று.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. ரிக்யூவின் வழித்தோன்றலான சென் கென்ஷிட்ஸு (1923–2025) இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படையில் பணிபுரிந்து, தற்கொடைப் படையில் பயிற்சி பெற்றவர். போருக்குப்பின், ஒரு கிண்ணத் தேநீரால் அமைதியை வளர்க்கலாம் என்னும் கொள்கையுடன் பல நாடுகளுக்குச் சென்றார். 2011-இல் பேர்ல் துறைமுகத்தில், மாண்டோரின் நினைவாகத் தேநீர் படைத்தார். ஒருகாலத்தில் பகைவராய் இருந்தோர்முன் கிண்ணத்தை ஏந்தி நின்றதே அவர்தம் கலையின் பயன்.

தமிழ் வழங்கும் நிலத்திற்கும் ஜப்பானிய மட்கலைக்கும் தொடர்பு உண்டு. ஜப்பானில் இக்கலையைக் கற்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் இணைந்து 1971-இல் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’ என்னும் மட்கலைக்கூடத்தை நிறுவினார். உள்ளூர்த் தொழிலாளரும் பிற மாநில மாணவரும் அங்குப் பயின்றனர். மொழி வேறுபட்டாலும் மண்ணைப் பிசையும் கைகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும்.

பெங்களூரு விவேக் நகரிலும் பல மொழியினர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். அங்குள்ள குழந்தை இயேசு திருத்தலத்திற்குப் பல சமயத்தவரும் வருகின்றனர். ஆயினும் காவிரி நீர்ச் சிக்கலின் பொருட்டு 1991-இலும் 2016-இலும் பெங்களூருவில் வன்முறை மூண்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. நீரைப் பங்கிடத் தீர்ப்பு உதவும். அண்டை வீட்டாரின் நம்பிக்கையை மீட்கத் தீர்ப்பு மட்டும் போதாது. அப்பணிக்குப் பள்ளியே ஏற்ற இடம்.

தமிழ் பேசும் மாணவரும் கன்னடம் பேசும் மாணவரும் உள்ளூர்க் குயவரிடம் மண்பாண்டம் வனையக் கற்கலாம். ஒருவர் வனைந்த குவளையை மற்றவர்க்கு அளித்து, அதில் தேநீர் பகிரலாம். பாடச்சுமைக்கிடையே இஃது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். மாதம் ஒரு மணி நேரம் படிப்பைக் குறைத்துவிடாது. தன் கையால் வனைந்து நண்பனுக்கு ஈந்த குவளையை நினைவில் கொண்ட மாணவன், அந்நண்பனின் வீட்டின்மீது கல்லெறியத் தயங்குவான். அத்தயக்கமே அமைதியின் தொடக்கம்.

அந்நகரில் பல வீடுகளில் தேநீர் கொதிப்பது காவிரி நீரில்தான். ஆகவே, பகையை மூட்டிய அந்நீரையே பகிர்வின் அடையாளமாக்குதல் இளைய தலைமுறையின் கடமையாகும்.