சிறகை அறுக்கும் நூல்

டெல்லியில் பட்டம் ஏறினால் பருந்து விழும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி, மாஞ்சா நூலில் சிறகறுபட்ட கரும்பருந்துகள் வஜீராபாத்தில் நதீம், சவூத் சகோதரர்கள் நடத்தும் பறவை மருத்துவமனைக்குப் பெட்டி பெட்டியாக வந்து சேர்கின்றன. தோல் கிழிந்தால் தைத்துவிடலாம்; தசைநாண் அறுந்தால் மறுபடி பறப்பது அரிது. இவர்களைப் பற்றிய ‘ஆல் தட் பிரீத்ஸ்’ ஆவணப்படம் 2022-இல் கான் விழாவில் விருது பெற்றபோது எல்லோரும் கைதட்டினோம். கண்ணாடித்தூள் பூசிய நூலுக்கு டெல்லி அரசு 2017-லேயே தடை விதித்துவிட்டது. தடை தாளில் இருக்கிறது, நூல் கடையில் இருக்கிறது. ஊரின் இறைச்சிக் கழிவைத் தின்று தீர்க்கும் பறவைக்கு நம் இரக்கம் மட்டும் போதாது. பட்டம் விடும் சிறுவனை மிரட்டுவதை விட்டு, நூலைத் தயாரிப்பவரையும் மொத்தமாக விற்பவரையும் பிடிக்க வேண்டும்.