லேபிளில் ஒன்று, வயிற்றில் ஒன்று

அரிசியும் சோளமும் கம்பும் தின்று வளர்ந்த ஜில்லா நம்முடையது. கோதுமையால் வரும் ஒரு நோயைப் பற்றித் திண்டுக்கல்லில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். டாக்டர்களிலும் பலர் இப்படித்தான் நினைத்து வந்தார்கள். அந்த நினைப்பினாலேயே இந்நோய் கண்டவர்கள் வருஷக்கணக்கில் சோகைக்கும் பூச்சிக்கும் மருந்து தின்று அலைய நேர்கிறது.

நோயின் பெயர் சீலியாக். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற பசைப் புரதம் இருக்கிறது. பரோட்டா மாஸ்டர் மாவை இழுத்து வீசுகிறாரே, அந்த இழுவையைத் தருவது இதுதான். சீலியாக் உள்ளவர் இதைத் தின்றால், அவருடைய உடம்பின் தற்காப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற மடிப்புகள் மழுங்கிப் போகின்றன. தின்பது உடம்பில் ஒட்டுவதில்லை. பேதி, சோகை, எலும்புப் பலவீனம். குழந்தையானால் வளர்த்தியே நின்றுவிடும். மாத்திரையால் தீரும் நோயல்ல இது. ஆயுள் முழுவதும் குளூட்டனை விலக்குவதொன்றே வைத்தியம்.

இதைக் கண்டறிந்த கதையே பசியின் கதை. ஹாலந்து தேசத்துக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே, ரொட்டியின் மேல் 1930களிலேயே சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் நாஜிப் படைகளின் ஆக்கிரமிப்பில் அந்நாட்டு மக்கள் ரொட்டியின்றிப் பட்டினி கிடந்தார்கள். பூச்செடிக் கிழங்கைக்கூடத் தின்றார்கள். ஊரே மெலிந்த அந்தக் காலத்தில் இந்த நோயாளிக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் டிக்கே தம் ஆராய்ச்சி நூலில் கோதுமையே காரணம் என்று நிலைநாட்டினார்.

நம் தேசத்து நிலைமை என்ன? 23,331 பேரைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. அதன் தெற்கத்திப் பகுதி வேலூர் வட்டாரத்தில் நடந்தது. வளர்ந்தவர்களில் இந்நோய் வடக்கே நூற்றுக்கு 1.23, வடகிழக்கே 0.87, தெற்கே 0.10 என்று அது கண்டது. நோய்க்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வித்தியாசம் தட்டில் இருந்தது: ஒருவர் தினம் தின்னும் கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். ஆக, நம் குடல் வேறு ஜாதியல்ல. பரோட்டாக் கடையும் பேக்கரியும் தெருவுக்குத் தெரு பெருகும்போது அந்த 25 கிராம் 25ஆகவே நிற்குமா? தெற்கத்தி விகிதத்தையே வைத்துக்கொண்டாலும் ஆயிரத்துக்கு ஒருவர். 2011 ஜனத்தொகைக் கணக்கில் நம் ஜில்லாவில் 21 லட்சத்து 59 ஆயிரம் பேர். ஒரு பெரிய கிராமத்து ஜனம் முழுவதற்கும் இந்நோய் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களில் எத்தனை பேருக்குத் தம் நோயின் பெயர் தெரியும்?

பெயர் தெரிந்தவர்களின் பாடு இன்னொன்று. ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்ட பாக்கெட்டுகள் சூப்பர் மார்க்கெட்டுகளில் அடுக்கியிருக்கின்றன. சாதாரண பிஸ்கட்டைப்போலப் பல மடங்கு விலை. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் ஷிப்டு பார்க்கும் ஒரு தாய், நோயாளிக் குழந்தைக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதை வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தின்ற மறுநாள் குழந்தைக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. அவள் யாரைக் கேட்பாள்?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வயிற்றுவலிக்கும் பாக்கெட்டே குற்றவாளி அல்ல. குடல் புண்பட்டிருக்கும் நாட்களில் பால்கூட ஒத்துக்கொள்ளாது. ஆனால் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து ஆய்வாளர்கள் இந்த லேபிள் ஒட்டிய பண்டங்களையும், இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானிய மாவுகளையும் சோதித்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்று வரம்பை மீறியிருந்தது. வரம்பு என்பது கிலோவுக்கு 20 மில்லிகிராம். சர்வதேச அளவும் இதுவே, நம் சட்டம் ஏற்றதும் இதுவே. ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் கோதுமை மாவு விழுந்தாலே இந்த எல்லையைத் தொட்டுவிடும். நோயாளிக்கு அந்தச் சிட்டிகை போதும். லேபிள் ஒட்ட ஒரு நிமிஷம் ஆகிறது. தனி மெஷின், தனிக் கிடங்கு, ஒவ்வொரு சரக்குக்கும் சோதனை என்றால் பணம் செலவாகிறது. லாபக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது வாசகர்கள் அறியாததல்ல.

லேபிளே இல்லாத ஆபத்து இதைவிடப் பெரிது. இட்லியில் குற்றமில்லை, சாம்பாரில் இருக்கிறது! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் முழுவதும் பெருங்காயமல்ல. காரம் மிகுந்த அந்தப் பிசினோடு கருவேலம் பிசினும் மாவும் சேர்த்துத்தான் கட்டியும் தூளும் ஆக்குகிறார்கள். சட்டமே தானிய மாவைச் சேர்க்க அனுமதிக்கிறது. பல கம்பெனிகள் சேர்ப்பது கோதுமை மாவு அல்லது மைதா. ரசம், சாம்பார், மோர், முறுக்கு, ஊறுகாய் என்று நம் சமையலில் பெருங்காயம் போகாத இடம் ஏது? சோற்றைத் தவிர வேறொன்றும் தொடாத நோயாளியும் தேறாமலிருப்பதன் மர்மம் சில வீடுகளில் இந்தச் சிறு டப்பிதான்.

டப்பியில் அச்சிட்டுத்தானே இருக்கிறது என்பார்கள். ஆம், 2020ஆம் வருஷத்து லேபிள் விதிகள்படி குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்தால் அறிவிக்க வேண்டும். ஆனால் எந்த மொழியில்? இங்கிலீஷ் அல்லது ஹிந்தி! மற்ற மொழிகளையும் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. நத்தம் கிராமத்து விவசாயி தமிழில் படிக்கத் தெரிந்தவர். தம் மகனை எது படுக்கையில் தள்ளும் என்ற எச்சரிக்கை மட்டும் அவருக்குப் புரியாத எழுத்தில், எறும்பளவில் அச்சாகியிருக்கிறது. இதற்குப் பெயர் அறிவிப்பா?

மாவு மில்லுக்கு வருவோம். முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்துவிட்டுப் போவார். அடுத்து நாம் கம்பையோ கேழ்வரகையோ கொட்டுவோம். கல்லில் தங்கிய கோதுமை நம் மாவோடு வந்துவிடும். மில்காரர் மீது பழி போட இதில் ஒன்றுமில்லை. அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் கம்பும் சோளமும் சாமையும் தினையும் இந்நோயாளிக்கு இயற்கையே அளித்த உணவு. விலை உயர்ந்த எந்தப் பாக்கெட்டும் இவற்றுக்கு ஈடல்ல. வாரத்தில் ஒரு நாள் காலையில் கல்லைத் துடைத்துக் கோதுமை படாமல் அரைத்துக் கொடுக்க மில்லுகளுக்கு ஏற்பாடு செய்தால் காசில்லாமல் பாதிப் பிரச்னை தீரும்.

பள்ளிக்கூடத்தையும் மறக்கலாகாது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கப்பட்ட காலைச் சிற்றுண்டித் திட்டம் வரவேற்கத்தக்கது. பசியோடு வந்த பிள்ளைகளுக்குச் சோறிட்ட திட்டம். ஆனால் அதன் உணவுப் பட்டியலில் ரவை உப்புமாவும் சேமியா உப்புமாவும் கோதுமை ரவையும் இடம்பெற்றன. சீலியாக் உள்ள பிள்ளை அந்த நாட்களில் பட்டினி கிடப்பதா, நோயைத் தின்பதா? அரிசி உப்புமா கிண்டித் தர ஆயாவுக்குத் தெரியும், கேட்கத்தான் ஆளில்லை.

இத்தாலியில் 2005ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி, இந்நோயாளிகளின் விசேஷ உணவுக்கு மாதந்தோறும் சர்க்காரே படி கொடுக்கிறது. நோய் தனி மனிதனின் தலையெழுத்தல்ல என்று ஏற்ற சட்டம் அது. இங்கே பொய் லேபிள் ஒட்டியவனுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பெரிய கம்பெனிக்கு அது ஒரு விளம்பரச் செலவு. அந்த அபராதம்கூட, யாராவது சாம்பிள் எடுத்துச் சோதித்தால்தானே?

ஆகவே உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ‘குளூட்டன் ஃப்ரீ’ சரக்குகளைக் கடைகளிலிருந்து முறையாகச் சாம்பிள் எடுத்து, மதுரைப் பகுப்பாய்வுக் கூடத்தில் குளூட்டனுக்கென்றே சோதித்து, தவறிய கம்பெனிகளின் பெயரைத் தமிழ்ப் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் உணவுப் பொருள் ஒவ்வொன்றிலும், பெருங்காய டப்பியிலும்கூட, ‘கோதுமை உள்ளது’ என்ற எச்சரிக்கை தெளிவான தமிழில் கட்டாயமாக்கப்பட வேண்டும். 2022இல் திறந்த திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், சோகை தீராமலும் வளராமலும் வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் சீலியாக் ரத்தப் பரிசோதனை இலவசமாக நடக்க வேண்டும். நோய் உறுதியான குடும்பங்களுக்கு ரேஷன் கடையில் கோதுமைக்குப் பதிலாகக் கம்பும் கேழ்வரகும் தனி மூட்டையில், கோதுமை படாமல் வழங்க ஜில்லா நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.