மேடையில் மின்சார எமன்!

பாட்டுக் கேட்கப் போன ரசிகர்கள், சாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்!

பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில் உள்ள ஊர் சுவான்சி. 1972-ம் ஆண்டு மே 3-ந் தேதி அங்கே ராக் இசைக் கச்சேரி. மின்சார கிதார் வாசிக்க வந்தவர் லெஸ் ஹார்வி. 27 வயது வாலிபர். மேடையில் இருந்த மைக்கைத் தொட்டார். அதற்கு 'எர்த்' கொடுக்கப்படவில்லை. மின்சாரம் தாக்கி மாண்டார்.

"ஆட்டமும் கூச்சலுமான பாட்டு. அதில் இப்படித்தான் நடக்கும்" என்று சிலர் சொல்லலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டா கொன்றது? இல்லை. கருவி கொன்றது.

எப்படி என்று பாருங்கள்.

கிதாரின் தந்திகள் உலோகம். ஒயர் வழியாக அவை ஒலிபெருக்கிப் பெட்டியின் தகரத்தோடு சேர்ந்திருக்கும். அந்தக் காலத்து அமெரிக்கப் பெட்டிகள் பலவற்றின் பிளக்குக்கு இரண்டே கால்கள். எர்த் கால் கிடையாது. மலிவுப் பெட்டிகள் சிலவற்றில், சுவர் மின்சாரத்தைத் தனியே பிரித்து வைக்கும் டிரான்ஸ்பார்மர்கூட இல்லை! பிளக்கைத் திருப்பிச் சொருகினால் தகரத்தில் மின்சாரம் ஏறும். அங்கிருந்து தந்திக்கு வரும்.

தந்தியை மட்டும் தொட்டால் பல நேரம் ஒன்றும் தெரியாது. கையைத் தந்தியில் வைத்தபடி பாடப் போவார். உதடு மைக்கில் படும். மைக்குக்கு எர்த் உண்டு. அவ்வளவுதான்! மின்சாரம் கையில் ஏறி, நெஞ்சைக் கடந்து, உதட்டில் இறங்கும்.

செருப்பு காத்ததா?

1965 டிசம்பரில், அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில், 'ரோலிங் ஸ்டோன்ஸ்' கோஷ்டியின் கீத் ரிச்சர்ட்ஸ் இப்படித்தான் சிக்கினார். கிதார், மைக் கம்பத்தில் பட்டது. மேடையிலேயே மயங்கி விழுந்தார். ரப்பர் அடிச் செருப்புதான் காப்பாற்றியது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒருவர் உயிருக்குச் செருப்பா காவல்?

'யார்ட்பேர்ட்ஸ்' கோஷ்டியின் பாடகர் கீத் ரெல்ப் தப்பவில்லை. 1976 மே மாதம், லண்டனில் தன் வீட்டில் கிதார் வாசித்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 33.

யார் குற்றம்?

வாசித்தவர்களிடமும் குறை உண்டு. 'ஊம்' என்று இரைகிறதே என்று எர்த் காலை வெட்டி எறிந்தவர்கள் இருந்தார்கள். இரைச்சல் போயிற்று, காவலும் போயிற்று.

ஆனாலும் முதல் குற்றவாளி, அந்தப் பெட்டியைச் செய்து விற்றவர்தான். ஒரே ஒரு கம்பி. அதில் என்ன சிக்கனம்? காசு சேர்த்துப் பெட்டி வாங்கிய பையனுக்கு, உள்ளே எமன் இருப்பது எப்படித் தெரியும்?

பிறகு மூன்று கால் பிளக் வந்தது. ஆனால் அந்தப் பழைய பெட்டிகளுக்கு இன்றும் கிராக்கி. ஒலி இனிமையாம்! விவரம் தெரிந்தவர்கள், வாங்கியதும் மெக்கானிக்கிடம் கொடுத்து மூன்று கால் ஒயர் போட்டுக்கொள்கிறார்கள். "பழமை கெட்டுவிடும்" என்று அதற்கும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.