நாற்பதில் ஐம்பத்திரண்டு

நம் வீட்டுக்கு வரும் விருந்தினர் ஒருவர் காலையில் முன்படலையாலும் மாலையில் பின்படலையாலும் நுழைந்தால், இருவர் வந்தனர் என்று கணக்கெழுதுவாருண்டோ? இல்லையென்பீர்கள். ஆயினும், இணையத்தளங்களின் வாசகர் கணக்குகளிற் பல இவ்வாறே எழுதப்படுகின்றன.

நாம் கற்பிக்கும் உயர்தர வகுப்பில் இது நிகழ்ந்தது. மாணவர் சிலர் கடந்தகால வினாத்தாள்களையும் விடைகளையும் திரட்டி ஓர் இணையத்தளம் அமைத்தனர். வகுப்பார்க்கு மட்டும் பொதுவான ஒரு கடவுச்சொல்லும் வைத்தனர். ஒரு வாரம் சென்றபின், “ஐயா, 52 பேர் பார்த்துவிட்டார்கள்!” என்று பெருமிதத்தோடு ஓடிவந்தான் ஒருவன். வகுப்பிலுள்ளோரோ 40 பேரே. எஞ்சிய 12 பேர் எங்கிருந்து வந்தனர்?

வகுப்பினரைக் கையுயர்த்தச் சொன்னோம். கைத்தொலைபேசியிற் பார்த்தோர் 30 பேர். வீட்டுக் கணினியிற் பார்த்தோர் 22 பேர். இரண்டிலும் பார்த்தோர் 16 பேர். கரும்பலகையில் இரு வட்டங்கள் வரைந்தோம். தொடைகளைப் பற்றிப் பத்தாம் வகுப்பிற் படித்ததுதான்: இரண்டையும் கூட்டி, இடைவெட்டைக் கழிக்கவேண்டும். 30உம் 22உம் 52; அதில் 16 போக, 36. உண்மையான வாசகர் 36 பேரே.

இப்பிழை ஏன் நேர்கிறது? 1994ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய லூ மொண்டூலி என்பவர் ‘குக்கி’ எனப்படும் சிறு குறிப்பொன்றை வகுத்தார். ஒரு தளத்தை முதன்முறை திறக்கும்போது, அத்தளம் நம் உலாவியிடம் ஓர் அடையாள இலக்கத்தை ஒப்படைக்கும். மறுமுறை செல்கையில் உலாவி அவ்விலக்கத்தைக் காட்ட, ‘பழையவர் வந்தார்’ என்று தளம் அறிந்துகொள்ளும். ஆகவே இம்முறையில் எண்ணப்படுவது ஆளன்று, உலாவியே. கணினிக்கு ஓர் இலக்கம், தொலைபேசிக்கு வேறோர் இலக்கம். இரண்டும் ஒருவருடையவை என்பதை அவ்விலக்கங்கள் சொல்லமாட்டா. குறிப்பு அழிந்தாலும் பழையவர் புதியவராவார். 2019இல் அப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி இத்தகைய குறிப்புகள் பலவற்றின் ஆயுளை ஏழு நாட்களாகக் குறைத்தது. பத்து நாட்களுக்கு ஒருமுறை வருபவர் அங்கே ஒவ்வொரு முறையும் புதியவராகவே எண்ணப்படக்கூடும்.

எதிர்மாறான பிழையும் உண்டு. அண்ணனும் தங்கையும் ஒரே தொலைபேசியிற் படித்தால், இருவர் ஒருவராகிவிடுவர்.

மேசைக்கணினி ஒன்றே வழியாயிருந்த நாளில் முன்சொன்ன இரட்டிப்பு சிறிதாயிருந்தது. ஆனால் 2016 ஒக்ரோபரில், உலகெங்கும் திறக்கப்பட்ட இணையப் பக்கங்களில் கைத்தொலைபேசிகளினதும் கைப்பலகைக் கணினிகளினதும் பங்கு 51.3 வீதமாகி, முதன்முறையாக மேசைக்கணினியை முந்தியதென ஸ்டாற்கவுண்டர் என்னும் அளவீட்டு நிறுவனம் அறிவித்தது. இங்கும் எண்ணப்பட்டவை திறந்த பக்கங்களே. மனிதர் அல்லர் என்பதை மறவாதீர்கள்.

இரட்டிப்பைக் களைய மூன்று வழிகள் உள. முதலாவது, வாசகர் ஒவ்வொருவரும் தம் பெயரிற் பதிவுசெய்து நுழைதல். எந்தக் கருவியில் வந்தாலும் பெயர் ஒன்றாயிருக்கும். இரண்டாவது, மாதிரிக் கணிப்பு. கொம்ஸ்கோர் போன்ற நிறுவனங்கள், இசைந்த ஒரு தொகுதி மக்களின் கணினிப் பாவனையையும் தொலைபேசிப் பாவனையையும் ஆராய்ந்து, இரண்டிலும் வருவோர் எத்தனை வீதமென மதிப்பிடுகின்றன. மூன்றாவது, ஊகம்: இரு கருவிகள் நாள்தோறும் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து வந்தால், ஒருவருடையவையாயிருக்கலாம் எனக் கொள்ளல்.

முதலாவது வழியே துல்லியமானது. ஆனால் அதற்கொரு விலையுண்டு. இருவரல்லர், ஒருவரே என்று அறியவேண்டுமாயின், அவர் யார் என்பதையும் ஓரளவு அறிந்தாகவேண்டும். எண்ணிக்கை திருந்தத் திருந்த, அந்தரங்கம் குறைகிறது. பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் ஒருவரைப் பின்தொடர விரும்பும் செயலி, முதலில் அவருடைய இசைவைக் கேட்கவேண்டும் என்னும் விதியை அப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரிலில் தன் தொலைபேசிகளிற் கொணர்ந்ததும் இவ்வச்சத்தினாலேயாம்.

வாசகர் தொகையை நம்பியே விளம்பரக்காரர் பணங்கொடுக்கின்றனர். பத்திரிகைகள் தம் வளர்ச்சியை அளக்கின்றன. ஆதலின் பெருத்த எண்ணில் யாவர்க்கும் ஆசையுண்டு. எம் மாணவனும் 52 என்பது 36 ஆனதும் முகம் வாடினான்.

ஆனால் கரும்பலகையை நோக்கியிருந்த மாணவி ஒருத்தி மெல்லக் கேட்டாள்: “அப்படியானால், ஐயா, நாலு பேர் பார்க்கவே இல்லையே?”

வகுப்பு அமைதியாயிற்று. நாற்பதை விஞ்சிய ஓர் எண்ணைப் பார்த்து மகிழ்ந்திருந்த எமக்கு, விடுபட்டோர் இருப்பர் என்ற ஐயமே எழவில்லை. வகுப்பு முடிந்தபின் அந்நால்வருள் ஒருவனைத் தனியே விசாரித்தோம். வீட்டிலுள்ள ஒரே கைத்தொலைபேசியைத் தந்தையார் விடியுமுன் வேலைக்குக் கொண்டுபோகிறார். இரவு அவர் திரும்புமுன் இவன் உறங்கிவிடுகிறான். பலர் முன்னிலையில் இதைச் சொல்ல அவனுக்கு நாணம்.

மறுநாள் அவ்வினாத்தாள்களை நான்கு படிகள் அச்சிட்டுக் கொடுத்தோம். தளம் அமைத்த மாணவனே அவற்றைத் தைத்துக் கொண்டுவந்தான். அப்படிகளைப் படித்தோர் எத்தனை பேரென்பதை எந்த இணையக் கணக்கும் காட்டாது. மொத்த வாசகர் 40 பேர் என்று எமக்குத் தெரியும்.