கீரையை ஏன் நிறுத்தினீர்கள்?



இதய வால்வு ஆபரேஷன் முடிந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளோடு ஒருவர் வீடு திரும்பியதும் சமையலறையில் முதல் தடை கீரைக்குத்தான். முருங்கைக்கீரை, பசலை எதுவும் கூடாது!

பாவம், கீரை என்ன செய்யும்? அதில் வைட்டமின் கே அதிகம். ரத்தத்தை உறைய வைக்கும் சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்க அந்த வைட்டமின் வேண்டும். மாத்திரை தடுப்பது அந்த வேலையைத்தான். வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்கு ஏற்றபடி மாத்திரையின் டோஸ் அமைவதால், கீரை சாப்பிடுவதில் சிக்கல் இல்லை, தாறுமாறாகச் சாப்பிடுவதில்தான் சிக்கல். மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு, ஊரிலிருந்து கட்டுக்கட்டாக வந்துவிட்டதே என்று நாலு நாள் தொடர்ந்து பொரியலும் அடையுமாக வெளுத்துக் கட்டினால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கிவிடும். வால்வில் ரத்தம் கட்டும் ஆபத்து அப்போதுதான். வாரத்துக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். டோஸை அவர் பார்த்துக்கொள்வார்.

இந்த மாத்திரையே ஒரு செடி தந்த வரம்தான். 1920-களில் வட அமெரிக்காவில், கொம்பு சீவினால்கூட ரத்தம் நிற்காமல் மாடுகள் செத்தன. ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப்பயிர் பூஞ்சை பிடித்ததும், அதிலிருந்த கூமரின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் டைகூமராலாக மாறியிருந்தது. 1933-ல் ஒரு விவசாயி செத்த கிடாரியோடும் ஒரு கேன் உறையாத ரத்தத்தோடும் பனிப்புயலில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து நின்றார். அங்கிருந்த உயிர்வேதியியலாளர் கார்ல் லிங்க்கின் குழுவினர் பல வருடம் போராடி அந்த டைகூமராலைப் பிரித்தெடுத்தார்கள். அதே வம்சத்தில் வந்த வார்ஃபரின், 1948-ல் முதலில் கடைக்கு வந்தது எலி மருந்தாக! மனிதர்களுக்கு மருந்தானது 1950-களில்தான்.

"இயற்கைதானே, என்ன செய்துவிடும்?" அந்த மாடுகளைக் கேட்டிருக்க வேண்டும்.

ரசத்தில் தட்டிப் போடும் பூண்டுக்கோ, குழம்பு மஞ்சளுக்கோ பயப்பட வேண்டாம். ஆன்லைனில் வாங்கும் பூண்டு, மஞ்சள், ஜின்கோ கேப்சூல்கள் வேறு ரகம். சாரத்தைச் சுண்டக் காய்ச்சி அடைத்தவை. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை இவை குறைக்கக்கூடும். மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவுக்கு வழி. "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று டாக்டர் கேட்டால், "இல்லையே" என்கிறோம். கேப்சூல் நம் கணக்கில் மருந்தே இல்லை!

அடுத்த முறை அந்த டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பல் பிடுங்கப் போனாலும் காட்டுங்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஈறில் ரத்தம் கசிந்தாலோ, அடிபடாமலே தோல் கன்றினாலோ, மலம் கறுத்துப் போனாலோ, அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்