கோடு போட்டது யார்?

அமெரிக்க நாட்டிலே ஒரு புறநகரில் புதிய உயர்நிலைப் பள்ளி எழும்புகிறது என்றால், பெற்றோர் மகிழ்ந்து கொண்டாட வேண்டும் அல்லவா? நடப்பதோ வேறு! பள்ளி வாரியம் கூடுகிறது. சுவரிலே வரைபடம் தொங்குகிறது. இந்தத் தெருவுக்கு மேற்கே குடியிருப்போர் பிள்ளைகள் புதிய பள்ளிக்கு, கிழக்கே குடியிருப்போர் பிள்ளைகள் பழைய பள்ளிக்கு என்று கோடு இழுத்திருக்கிறார்கள். உடனே மூண்டுவிடுகிறது போர். "அண்ணன் படித்த பள்ளியிலே தம்பிக்கு இடமில்லையா?" என்று கேட்கிறார் ஒருவர். "பஸ்ஸிலே அரைமணி நேரம் கூடுகிறதே!" என்கிறார் இன்னொரு தாய். பேசுவது பஸ்ஸைப் பற்றி. நெஞ்சிலே நிற்பது, பக்கத்து இருக்கையிலே எவன் வீட்டுப் பிள்ளை உட்காரப் போகிறது என்பது. அத்துடன், வீட்டின் விலை விழுந்துவிடுமோ என்பது.

எல்லோரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. உண்மையிலேயே தூரத்துக்காக வருந்துகிற ஏழைத் தாயும் அந்தக் கூட்டத்திலே இருப்பாள். ஆனால் கோடு என்பது அளவுகோலும் பென்சிலும் மட்டும் போடுவதல்ல. அதற்குப் பின்னே கை இருக்கிறது. கைக்குப் பின்னே கருத்து இருக்கிறது. 1957ஆம் ஆண்டு லிட்டில் ராக் நகரிலே நடந்ததைப் பாருங்கள், தோழர்களே!

அர்க்கன்சாஸ் மாநிலத்தின் தலைநகரம் அது. 1954இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது: நிறத்தால் பிரித்துப் பள்ளி நடத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று. நகரத்திலே வெள்ளையருக்கு ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளி, சென்ட்ரல். 1927இல் 15 லட்சம் டாலர் செலவிலே கட்டிய அரண்மனை. பள்ளித் தலைமை அதிகாரி விர்ஜில் பிளாசம் ஒரு திட்டம் தீட்டினார். மெள்ள மெள்ளக் கலப்போம். முதலிலே உயர்நிலை வகுப்புகளில் தொடங்குவோம் என்றார். அதற்குள்ளே இரண்டு புதிய பள்ளிகள் எழுந்தன. 1956இல் கருப்பின மக்களுக்கென்று கிழக்கே ஹொரேஸ் மான் பள்ளி. 1957இல் மேற்கே, செல்வர் வாழும் பகுதியிலே ஹால் பள்ளி.

கோட்டின் திறமையைக் கவனியுங்கள். வங்கிக்காரர் பிள்ளை, வக்கீல் பிள்ளை, வணிகர் பிள்ளை ஹாலுக்குப் போயிற்று. அங்கே கருப்பினப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. பட்டறையிலே உழைக்கிற வெள்ளைத் தொழிலாளியின் பிள்ளை சென்ட்ரலிலே நின்றது. கலப்பு அங்கே மட்டும்தான்! சட்டத்துக்குத் தலைவணங்கினோம் என்று மேட்டுக்குடி சொல்லிக்கொள்ளலாம். அதன் வீட்டு வாசற்படியைச் சட்டம் தொடவில்லை.

வெள்ளைத் தொழிலாளிக்கு எரிச்சல் வந்தது. "சீமான் பிள்ளைக்கு ஒரு நீதி, என் பிள்ளைக்கு ஒரு நீதியா?" என்று கேட்டான். கேள்வி சரியான கேள்விதான்! ஆனால் அதை யாரைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும்? கோடு போட்டவனைப் பார்த்து. அவனோ ஒன்பது கருப்பினப் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டான். கேட்க வைத்தார்கள்! வெள்ளைக் குடிமக்கள் மன்றம் என்ற நிறவெறிக் கூட்டம் அந்த எரிச்சலுக்கு எண்ணெய் ஊற்றிற்று. சென்ட்ரல் தாய்மார் சங்கம் என்று ஒன்று 1957 ஆகஸ்டிலே முளைத்தது. கவர்னர் ஃபாபஸ் வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 4ஆம் நாள், எலிசபெத் எக்ஃபோர்டு என்ற 15 வயதுப் பெண் புத்தகத்தை அணைத்துக்கொண்டு தன்னந்தனியே நடந்து வந்தாள். துப்பாக்கி ஏந்திய மாநிலக் காவல்படை வழிமறித்தது. கூட்டம் கூச்சலிட்டது. அந்தக் கூச்சலிலே ஹால் பள்ளியின் மணியோசை எவர் காதிலும் விழவில்லை.

பின்னர் நடந்ததை உலகம் அறியும். குடியரசுத் தலைவர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். செப்டம்பர் 25ஆம் நாள் ஒன்பது பேரும் ராணுவப் பாதுகாப்புடன் வகுப்பிலே அமர்ந்தனர். அடுத்த ஆண்டு ஃபாபஸ், நகரின் பொது உயர்நிலைப் பள்ளிகள் அனைத்தையுமே மூடினார். 1958 செப்டம்பரிலே நடந்த வாக்கெடுப்பிலே, கலப்பு வேண்டாம் என்று 19,470 பேர்; வேண்டும் என்று 7,561 பேர். ஏறத்தாழ 3,700 பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டுப் படிப்பு பாழ். வெள்ளைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தனியார் பள்ளி, உறவினர் ஊர் என்று வழி தேடிக்கொண்டனர். கருப்பினப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் படிப்பே இல்லை. ஆனால் கால்பந்தாட்டம் மட்டும் நடந்தது! பாடம் நின்றால் பரவாயில்லை, பந்தாட்டம் நிற்கலாகாது என்ற அந்தப் பேரறிவை என்னென்பது! 1959 ஆகஸ்டிலே பள்ளிகள் திறந்தபோதுதான் ஹாலுக்குள்ளும் மூன்று கருப்பினப் பெண்கள் நுழைந்தார்கள்.

இது ஒரு நகரத்துக்குள்ளே போட்ட கோடு. நகரத்துக்கும் நகரத்துக்கும் இடையே போடுகிற கோடு இதைவிடக் கொடிது. அந்த நாட்டிலே பள்ளிச் செலவில் சற்றேறக்குறையப் பாதி உள்ளூரிலே திரட்டுவது. அதிலும் பெரும்பங்கு சொத்துவரி. டெக்சாசிலே, சான் ஆன்டோனியோ நகரிலே, எட்ஜ்வுட் என்பது மெக்சிக மரபினரான உழைப்பாளர் வாழும் வட்டாரம். அங்கே 100 டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வரி. கிடைத்தது பிள்ளைக்கு 26 டாலர். பக்கத்திலே அலமோ ஹைட்ஸ், செல்வர் வட்டாரம். அங்கே வரி 85 சென்ட்தான். கிடைத்ததோ பிள்ளைக்கு 333 டாலர்! அதிகம் கொடுப்பவன் ஏழை. அதிகம் பெறுபவன் செல்வன். டெமெட்ரியோ ரோட்ரிக்ஸ் என்ற தகரப் பட்டறைத் தொழிலாளி வழக்குத் தொடுத்தார். 1973இல் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கிலே அவரைக் கைவிட்டது. மறு ஆண்டு டெட்ராய்ட் வழக்கிலும் அதே 5க்கு 4: நகரிலே பிரிவினை இருந்தாலும், தவறு செய்ததாகத் தெரியாத புறநகர் வட்டாரங்களின் எல்லையைத் தாண்டிப் பிள்ளைகளைக் கலக்கச் சொல்லலாகாது என்று. 1989இல் டெக்சாஸ் மாநில நீதிமன்றம் அந்த வரிமுறை செல்லாது என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடங்கி 21 ஆண்டு! ரோட்ரிக்ஸின் பிள்ளைகள் பள்ளி வயதைக் கடந்துவிட்டிருந்தனர்.

"கடல் கடந்த கதை நமக்கெதற்கு?" என்பீர்கள். ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட்டுப் பழகிய நாடு ஐயா இது! ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள், ஏழையாயினும் செல்வராயினும், அருகிலுள்ள ஒரே பொதுப் பள்ளியிலே படிக்கட்டும் என்று கோத்தாரி குழு 1966இலேயே எழுதிக் கொடுத்தது. ஏட்டிலே இருக்கிறது, எடுத்துப் பார்ப்பாரில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகள், 5ஆம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள், 8 வரை 3 கிலோமீட்டருக்குள் பள்ளி என்றன. ஆனால் 2025இலே உத்தரப்பிரதேச அரசு, பிள்ளைகள் குறைவு என்று சொல்லி, சிறிய பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளோடு இணைக்கப் புறப்பட்டது. சீதாப்பூர்ப் பிள்ளைகள் நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது.

நம் ஊர்களிலே உயர்நிலைப் பள்ளிக்கு இடம் பார்க்கும்போதும் இந்தக் கண்ணோடு பாருங்கள். நிலம் தருகிறேன் என்று முன்வருபவரின் தோட்டத்தருகே பள்ளி; குடிசைப் பிள்ளையோ நெடுஞ்சாலையைத் தாண்டி வரவேண்டும் என்றால், அங்கேயும் ஒரு கோடு விழுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவிலே நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், சரிபாதி பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் ஊர்ப் பள்ளியின் குழுவிலே இருப்பவர் யார், குடிசைப் பகுதியிலிருந்து எத்தனை பேர், குழு கடைசியாகக் கூடியது எப்போது? மே முதல் நாள் கிராமசபை கூடும்போது, வேலை முடிந்த கையோடு போய், எழுந்து நின்று கேளுங்கள். பதிலைக் குறிப்பேட்டிலே எழுதச் சொல்லுங்கள்.